கிணறு வெட்டுமுன் பூதத்தைத் தேடுவது யார் செலவில்?

நகரத்தின் நடுவில், இரண்டு சாலைகள் சந்திக்கும் மூலையில், ஒரு மனை இருபது ஆண்டுகளாகச் சும்மா கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சுற்றிக் கம்பிவேலி. உள்ளே வெடித்துப்போன சிமென்ட் தளம், வெடிப்புகளில் முழங்கால் உயரப் புல். தண்ணீர்க் குழாய், சாக்கடை, மின்சாரம், பஸ் எல்லாம் வாசல்வரை வந்து நிற்கின்றன. வாங்கத்தான் ஆளில்லை. விலை கூடுதல் என்று சொல்ல முடியாது. பத்திரத்தில் வில்லங்கமும் இல்லை. அங்கே ஒரு காலத்தில் பெட்ரோல் பங்க் இருந்தது, அவ்வளவுதான்.

அமெரிக்காவின் பழைய தொழில் நகரங்களில் இப்படிப்பட்ட மூலைகள் ஏராளம். அங்கே இவற்றுக்கு ‘பிரவுன்ஃபீல்டு’ என்று பெயர். பழுப்பு நிலம் என்று தமிழில் சொல்லிப் பார்க்கலாம். ஆனால் மண்ணின் நிறத்துக்கும் பெயருக்கும் தொடர்பில்லை. இதுவரை கட்டடமே எழும்பாத பச்சை நிலத்துக்கு எதிர்ப்பதமாகப் புழக்கத்துக்கு வந்த சொல் இது. அந்த நாட்டில் 4,50,000க்கும் மேற்பட்ட பிரவுன்ஃபீல்டுகள் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். அவற்றில் ஏறக்குறைய பாதியில் பெட்ரோலியக் கசிவுதான் பிரச்சினை. பெரும்பாலும் பழைய பங்க்குகளின் நிலத்தடித் தொட்டிகளிலிருந்து கசிந்தது. பாழடைந்த உருக்காலையின் புகைப்படத்தைப் போட்டுத்தான் இந்த விஷயத்தைப் பற்றி எழுதுவார்கள். உண்மையில் இதன் சராசரி முகம் நம் மூலை மனைதான்.

2002இல் வந்த அமெரிக்கச் சட்டம் ஒன்று பிரவுன்ஃபீல்டுக்குக் கொடுக்கும் வரையறையில் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். நச்சுப்பொருள் இருப்பதாலோ, ‘இருக்கக்கூடும்’ என்பதாலோ, மறுபயன்பாடு சிக்கலாகிப்போன இடம் எதுவும் பிரவுன்ஃபீல்டுதான் என்கிறது அந்தச் சட்டம். சந்தேகம் ஒன்றே போதும். மண் சுத்தமாக இருந்தாலும், சுத்தம் என்று யாருக்கும் தெரியாத வரை அந்த இடம் பிரவுன்ஃபீல்டாகவே கிடக்கும். இப்படிப்பட்ட இடங்களைச் சோதித்துப் பார்க்க அமெரிக்க அரசு கொடுக்கும் மானியத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அந்த மானியம் முழுவதும் அந்த ஒரு சொல்லின் மேல்தான் நிற்கிறது.

சோதித்துப் பார்த்துவிட்டால் முடிந்தது, இதில் என்ன சிரமம் என்று தோன்றும். யார் சோதிப்பது என்பதுதான் சிரமம். நிலத்தின் சொந்தக்காரர் சோதிக்க மாட்டார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிடும் என்ற பயம் அவருக்கு. தெரியாத வரை அது ஒரு சந்தேகம். ஆய்வுக்கூட அறிக்கை கைக்கு வந்துவிட்டால் விலை படுத்துவிடும், பல மாநிலங்களில் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டிய கடமையும் கூடவே வரும். வேலிக்கு ஆகும் செலவோடும் சொத்து வரியோடும் பேசாமல் இருந்துவிடுவதே அவருக்கு லாபம். வாங்க நினைப்பவரோ, தனக்குச் சொந்தமாகாத, ஒருவேளை வாங்காமலே விட்டுவிடப்போகிற நிலத்தில் பல்லாயிரம் டாலரைக் கொட்டத் தயங்குவார். பக்கத்து ஊரில் காலி வயல் குறைந்த விலைக்குக் கிடைக்கும்போது அவருக்கு என்ன தலையெழுத்து? வங்கி, சுத்தமான அறிக்கை வந்தால் கடன் தருகிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கும். மூவரும் தத்தம் கணக்கில் சரியாகத்தான் நடந்துகொள்கிறார்கள். மனை மட்டும் இருபது ஆண்டுகளாகக் கிடக்கிறது.

இந்தப் பயம் எப்படி வந்தது என்று தெரிந்தால் மானியத்தின் நியாயம் விளங்கும். நியூயார்க் மாநிலத்தின் நயாகரா ஃபால்ஸ் நகரில் லவ் கெனால் என்றொரு பாதியில் கைவிடப்பட்ட கால்வாய். ஹூக்கர் கெமிக்கல் நிறுவனம் 1940களிலிருந்து அதில் சுமார் 21,000 டன் ரசாயனக் கழிவைப் புதைத்து மூடி, 1953இல் பள்ளி வாரியத்துக்கு ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டது. அங்கே பள்ளிக்கூடம் வந்தது, சுற்றி வீடுகள் வந்தன. 1978இல் அரசு நெருக்கடி நிலையை அறிவித்துக் குடும்பங்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. நாடே கொதித்தது. 1980 டிசம்பரில் ‘சூப்பர்ஃபண்ட்’ என்று பரவலாக அழைக்கப்படும் சட்டத்தில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டார்.

அது பல்லுள்ள சட்டம். நிலத்தைக் கெடுத்தவர் மட்டுமல்லாமல், இன்றைய சொந்தக்காரரும் சுத்திகரிப்புச் செலவுக்குப் பொறுப்பு. கவனக்குறைவு இருந்ததா என்ற கேள்வியே எழாது. பலர் சேர்ந்து கெடுத்திருந்தாலும் ஒருவரிடமே முழுத் தொகையையும் வசூலிக்கலாம். சட்டம் வருவதற்கு முன்னால் நடந்ததற்கும் அது பொருந்தும். 1990இல் ஃப்ளீட் ஃபாக்டர்ஸ் வழக்கில், கடன் கொடுத்த நிறுவனம்கூடச் சில சூழல்களில் இந்த வலையில் சிக்கலாம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதும் வங்கிகள் வெலவெலத்துப் போயின. கடன் கொடுப்பவர்களுக்குத் தெளிவான பாதுகாப்பு 1996இல்தான் சட்டமாக வந்தது. கெடுத்தவனைப் பிடிக்க விரித்த வலை, கெடாத நிலத்தையும் சேர்த்து ஒதுக்கிவைத்துவிட்டது. சட்டம் தவறு என்று நான் சொல்லவில்லை. லவ் கெனாலுக்குப் பிறகு வேறு என்ன செய்திருப்பார்கள்? பக்கவிளைவு இப்படி இருந்தது.

அந்தப் பக்கவிளைவுக்கு மருந்தாகத்தான் 1993இல் ஒஹையோ மாநிலத்தின் கயஹோகா கவுண்டியில், அதாவது கிளீவ்லாண்டு நகரம் இருக்கும் மாவட்டத்தில், மத்திய அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை முதல் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. முகமையை இனி இ.பி.ஏ. என்போம். 1995இல் அது நாடு தழுவிய செயல்திட்டமாயிற்று. அப்போது ஓர் ஊருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு 2 லட்சம் டாலர் வரை கொடுத்தார்கள். 2002 ஜனவரி 11 அன்று அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்ட சட்டம் இதற்கு நிரந்தர அடித்தளம் போட்டது. சூப்பர்ஃபண்ட் சட்டத்தின் நச்சுப்பொருள் வரையறையில் பெட்ரோலியம் விலக்கப்பட்டிருந்ததால், அதுவரை நம் மூலை மனைக்கு இந்தப் பணம் எட்டாமலே இருந்தது. 2002இல்தான் பழைய பங்க்குகளுக்கும் கதவு திறந்தது. 2018இல் ஒரு திருத்தச் சட்டம் இலாப நோக்கற்ற அமைப்புகளையும் விண்ணப்பிக்க அனுமதித்தது. 2021ஆம் ஆண்டின் உள்கட்டமைப்புச் சட்டம் ஐந்தாண்டுகளுக்கு 150 கோடி டாலரை இதற்கென ஒதுக்கியது.

இங்கே புதியவர்கள் வழக்கமாக ஒரு தவறு செய்வார்கள். ‘பிரவுன்ஃபீல்டு மானியம்’ என்றதும் மண்ணைச் சுத்தப்படுத்தும் பணம் என்று எடுத்துக்கொள்வார்கள். சுத்திகரிப்புக்கு வேறு மானியம் இருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்கும் ஊரோ அமைப்போ நிலத்தின் சொந்தக்காரராகவே இருக்க வேண்டும். நாம் பேசுவது மதிப்பீட்டு மானியம். இதில் ஒரு கூடை மண்ணைக்கூட அள்ளி அப்புறப்படுத்த முடியாது, சோதனைக்கு எடுக்கும் மாதிரியைத் தவிர. நிலம் வாங்க முடியாது. ஊரில் இப்படிப்பட்ட இடங்கள் எவை என்று பட்டியலிடலாம், அவற்றின் வரலாற்றைத் தோண்டலாம், மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதிக்கலாம், மக்களைக் கூட்டி என்ன வேண்டும் என்று கேட்கலாம், சுத்திகரிப்புக்கும் மறுபயன்பாட்டுக்கும் திட்டம் போடலாம். சுருங்கச் சொன்னால், அரசு தகவலை விலைக்கு வாங்குகிறது.

நிலம் ஊராட்சிக்குச் சொந்தமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இதில் இல்லை. உள்ளே நுழையச் சொந்தக்காரரின் அனுமதி கிடைத்தால் போதும். உள்ளாட்சிகள், மாநிலங்கள், பழங்குடி அரசுகள், மறுமேம்பாட்டு முகமைகள், இலாப நோக்கற்ற அமைப்புகள் விண்ணப்பிக்கலாம். தனியார் கட்டுமான நிறுவனம் நேரடியாகக் கேட்க முடியாது. நிலத்தைக் கெடுத்தவரே மானியத்தில் ஒளிந்துகொள்ளவும் வழியில்லை, கெடுத்தவன் கட்ட வேண்டும் என்ற கொள்கை அப்படியே இருக்கிறது. சூப்பர்ஃபண்டின் தேசிய முன்னுரிமைப் பட்டியலில் உள்ள மோசமான இடங்களுக்கும் இந்தப் பணம் போகாது. சமீபத்திய ஆண்டுகளில் ஓர் ஊருக்கு 5 லட்சம் டாலர் வரை கிடைத்துவந்திருக்கிறது; பல அமைப்புகள் கூட்டாகக் கேட்டால் அதற்கும் மேல். நிர்வாகச் செலவு 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. பணம் கைக்கு வந்தாலும் எந்த மனையிலும் உடனே இறங்கிவிட முடியாது. அந்த மனை தகுதியானதுதானா என்று ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒப்புதல் வாங்க வேண்டும்.

சரி, பணம் வந்துவிட்டது. நம் மூலை மனையில் என்ன நடக்கிறது?

முதல் கட்ட ஆய்வில் மண்வெட்டிக்கே வேலை கிடையாது. ஆவணம் படிப்பது, இடத்தை நடந்து பார்ப்பது, பழைய ஆட்களிடம் விசாரிப்பது, அவ்வளவுதான். செலவு சில ஆயிரம் டாலருக்குள் அடங்கும். துப்பறியும் வேலைக்கு மிக நெருக்கமானது இது. என்னைக் கேட்டால் மொத்தக் கதையிலும் சுவையான பகுதி இதுதான். இதில் கைகொடுக்கும் ஒரு பொக்கிஷம் உண்டு: சான்பார்ன் வரைபடங்கள். 1867 முதல் தீக்காப்பீட்டு நிறுவனங்களுக்காக ஏறத்தாழ 12,000 அமெரிக்க ஊர்களைக் கட்டடம் கட்டடமாக வரைந்துவைத்தார்கள். ஓர் அங்குலத்துக்கு ஐம்பது அடி. செங்கல் கட்டடம் என்றால் இளஞ்சிவப்பு, மரக்கட்டடம் என்றால் மஞ்சள். எங்கே தீப்பிடிக்கும் என்று பார்க்கத்தான் வரைந்தார்கள். ஆனால் தீப்பிடிக்கும் பொருளும் மண்ணைக் கெடுக்கும் பொருளும் பல நேரம் ஒன்றேதான். பெட்ரோல் தொட்டி எங்கே புதைத்திருந்தது, பெயின்ட் கிடங்கு எந்த அறை, கொதிகலன் எந்தப் பக்கம் என்று எல்லாம் அந்தக் காகிதத்தில் இருக்கிறது.

நம் மனையின் 1950ஆம் ஆண்டு வரைபடத்தை விரிக்கிறார் ஆய்வாளர். பெட்ரோல் பங்க்கையே காணோம். அது பிறகு வந்தது. அதே இடத்தில் ஓர் இளஞ்சிவப்புக் கட்டம், அதற்குள் சிறிய எழுத்தில் துணி வெளுக்கும் கடை என்று குறிப்பு. தண்ணீர் இல்லாமல் ரசாயனத்தில் வெளுக்கும் ட்ரைகிளீனிங் கடை. ஊரே பங்க்கைப் பற்றிப் பயந்துகொண்டிருந்தது. இப்போது கவலைப்பட வேண்டிய பொருளே வேறு. பெட்ரோல் தண்ணீரைவிட இலேசு. கசிந்தால் நிலத்தடி நீர்மட்டத்தின் மேல் மிதக்கும், தேடினால் அகப்படும். ட்ரைகிளீனிங்கில் பயன்படும் பெர்க்ளோரோஎத்திலீன் தண்ணீரைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல் கனம். நீர்மட்டத்தைத் தாண்டிக் கீழே இறங்கிக்கொண்டே போகும், களிமண் அடுக்கு குறுக்கிட்டால் அதன் சரிவில் பக்கவாட்டில் ஓடும். ஆவியாகி மேலே ஏறி, பிற்காலத்தில் அங்கே கட்டப்படும் வீட்டின் தரைவழியே உள்ளே நுழையவும் செய்யும். மேலாக நாலு இடத்தில் தோண்டிப் பார்த்துவிட்டு ‘பெட்ரோல் இல்லை, நிலம் சுத்தம்’ என்று எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு பழைய காகிதம் துளைபோடும் ஆழத்தையே மாற்றிவிட்டது.

இரண்டாம் கட்டத்தில்தான் இயந்திரம் வருகிறது. அதற்கும் முன்னால் எங்கே, எவ்வளவு ஆழத்தில், எந்த முறையில் மாதிரி எடுக்கப்போகிறோம், ஆய்வுக்கூடம் எப்படிச் சோதிக்கும் என்பதையெல்லாம் எழுதி இ.பி.ஏ.விடம் ஒப்புதல் வாங்கியாக வேண்டும். மாதக்கணக்கில் ஊர்க்காரர்கள் பொறுமை இழப்பது இந்த இடத்தில்தான். பிறகு ஒரு நாள் காலை, சிறிய டிராக்டர் அளவுள்ள இயந்திரம் ஒன்று எஃகுக் குழாயைத் தட்டித் தட்டி மண்ணுக்குள் இறக்குகிறது. வெளியே இழுத்தால், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறையில் நாலைந்து அடி நீளத்துக்கு மண் உருளையாக வருகிறது. உறையை நீளவாக்கில் கீறித் திறக்கிறார்கள். மேலே நொறுங்கிய செங்கல்லும் சாம்பலுமாக நிரப்பு மண், அதன் கீழ் பழுப்பு மணல், அதற்கும் கீழ் சாம்பல் நிறக் களிமண். கையடக்கக் கருவி ஒன்றின் மூக்கை மண்ணருகே நகர்த்திக்கொண்டே வருகிறார் ஆய்வாளர்; ஆவியாகும் ரசாயனம் இருந்தால் எண் எகிறும். எகிறிய இடத்து மண்ணை எடுத்துப் புட்டியில் அடைக்கிறார். நீர் மாதிரி என்றால் சின்னக் கண்ணாடிப் புட்டியை விளிம்புவரை நிரப்பி, காற்றுக்குமிழி நிற்காதபடி மூட வேண்டும். குமிழி இருந்தால் ரசாயனம் அதற்குள் தப்பிவிடும். பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அனுப்பும்போது கூடவே ஒரு படிவம் போகும். யார் கையிலிருந்து யார் கைக்கு, எத்தனை மணிக்கு மாறியது என்று ஒவ்வொருவரும் கையெழுத்திட வேண்டும். நீதிமன்றத்தில் நாளை யாராவது கேள்வி கேட்டால் அந்தக் காகிதம்தான் சாட்சி. இதற்கெல்லாம் பல்லாயிரம் டாலர் ஆகிவிடும்; மனை பெரிதானால் அதற்கு மேலும்.

அறிக்கையில் வரும் எண்களை எப்படிப் படிப்பது? நஞ்சு இருக்கிறதா என்று கேட்டால், நகரத்து மண்ணில் ஏதோ ஓரளவு இல்லாத இடமே அரிது. அது எந்த வழியாக, யாரை, எவ்வளவு எட்டும் என்பதே கேள்வி. தரைக்குப் பத்தடி கீழே ஈயம் இருந்து, மேலே வாகன நிறுத்துமிடம் வந்தால் அது யாருடைய வாய்க்கும் போகப்போவதில்லை. அதே ஈயம் மேல்மண்ணில் இருந்து, அங்கே குழந்தைகள் விளையாடும் பூங்கா வந்தால் கதை வேறு. ஆகவே சுத்திகரிப்பு என்றால் மண்ணை முழுக்க அள்ளி மாற்றுவது என்று அர்த்தமில்லை. சில நேரம் இரண்டடி நல்ல மண்ணைப் போட்டு மூடுவது, கட்டடத்துக்கு அடியில் ஆவித் தடுப்பு விரிப்புப் போடுவது, இங்கே கிணறு வெட்டக் கூடாது என்று பத்திரத்தில் எழுதிவைப்பது போன்றவையே போதும். எல்லைக்கோடும் நிலையானதல்ல. குடியிருப்பு மண்ணில் ஈயத்துக்கு நெடுங்காலம் கிலோவுக்கு 400 மில்லிகிராம் என்று இருந்த, தாண்டினால் மேலும் ஆராய வேண்டிய எல்லை அளவை 2024 ஜனவரியில் இ.பி.ஏ. 200 ஆகக் குறைத்தது. முந்தைய ஆண்டு ‘கவலையில்லை’ என்று வந்த அறிக்கை ஒன்று, ஒரு மண்துகள்கூட மாறாமலே கவலைக்குரியதாகிவிட்டது.

இத்தனை செலவுக்குப் பலன் உண்டா? பிரவுன்ஃபீல்டுகளுக்குப் போகும் ஒவ்வொரு டாலரும் வேறு இடங்களிலிருந்து சுமார் 20 டாலர் முதலீட்டை இழுத்துவருகிறது என்பது இ.பி.ஏ. சொல்லும் கணக்கு. இதைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்வேன். நல்ல மூலையில் இருக்கும் மனைக்கு மானியம் இல்லாமலேகூட ஒருநாள் ஆள் வந்திருக்கலாம். அந்த முதலீட்டையும் மானியத்தின் கணக்கில் எழுதுவது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததுபோல. எனக்கு இதைவிட நம்பகமாகத் தெரியும் பலன் வேறு. சோதித்த பிறகு, பயந்த அளவுக்கு எதுவும் இல்லை என்று தெரியவரும் மனைகள். அங்கே ஒரு கைப்பிடி மண்ணைக்கூட மாற்றாமல், வெறும் அறிக்கை ஒன்றினாலேயே நிலம் திரும்பக் கிடைக்கிறது.

இதில் நெருடும் விஷயங்களும் உண்டு. சுத்தப்படுத்தப்பட்ட பிரவுன்ஃபீல்டுகளைச் சுற்றி வீட்டு விலை 5 முதல் 15.2 விழுக்காடு வரை உயர்ந்ததாக இ.பி.ஏ. பெருமையாக மேற்கோள் காட்டும் ஆய்வு ஒன்று இருக்கிறது. சொந்த வீட்டுக்காரருக்கு அது நல்ல செய்தி. நஞ்சுக்குப் பக்கத்தில் இத்தனை ஆண்டு வாடகைக்குக் குடியிருந்தவருக்கு, நஞ்சு போனதும் வாடகை ஏறி வீட்டைக் காலிசெய்ய வேண்டி வந்தால் அது என்ன செய்தி? இன்னொன்று, இது போட்டி மானியம். விண்ணப்பம் எழுதத் தனி ஊழியர் உள்ள நகரமும், ஒரே எழுத்தர் எல்லா வேலையும் பார்க்கும் சிற்றூரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். இதை ஓரளவு ஈடுகட்ட இரண்டு வழிகள் வைத்திருக்கிறார்கள். பணம் கொடுக்காமல் இ.பி.ஏ.வே தன் ஒப்பந்த நிறுவனத்தை அனுப்பி, குறிப்பிட்ட ஒரு மனையை ஊருக்குச் செலவில்லாமல் ஆய்வுசெய்து தரும். கேன்சஸ் மாநிலப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் உள்ள தொழில்நுட்ப உதவி மையங்கள் இலவசமாக ஆலோசனை சொல்லும். சிற்றூர் ஒன்று என்னிடம் யோசனை கேட்டால், பெரிய மானியத்துக்குப் போட்டி போடுவதற்கு முன் இந்த இரண்டையும் தட்டிப் பார்க்கத்தான் சொல்வேன்.

கடைசியாக ஒரு நுணுக்கம். ஊர்கள் கோட்டை விடும் இடம். 2002ஆம் ஆண்டுச் சட்டம், முறையாக விசாரித்துவிட்டு நல்ல நம்பிக்கையில் நிலம் வாங்குபவரை, பழைய நச்சுக்கான பொறுப்பிலிருந்து காக்கிறது. அந்த முறையான விசாரணை என்பது முதல் கட்ட ஆய்வுதான். ஆனால் அதற்கு ஆயுள் உண்டு. நேர்காணல், இடத்தைப் பார்வையிட்டது, அரசுப் பதிவேடுகளைத் தேடியது போன்ற பகுதிகள் நிலம் கைமாறும் நாளுக்கு முந்தைய 180 நாட்களுக்குள் நடந்திருக்க வேண்டும். ஆய்வை முடித்து, அறிக்கையை அலமாரியில் வைத்து, வாங்குபவரோடு பேரம் பேசி, வழக்கறிஞர்கள் பத்திரத்தைத் திருத்தித் திருத்தி, ஒருவழியாகக் கையெழுத்தாகும் நாள் 200ஆவது நாளாக இருந்தால், அந்தப் பகுதிகளைப் புதுப்பிக்காதவருக்குப் பாதுகாப்பு கிடையாது. ஆய்வாளர் மறுபடியும் அந்தக் கம்பிவேலியைத் திறந்து உள்ளே போக வேண்டும்.